உள்ளங்கை அளவு அப்பிரகம்

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அப்பிரகத் தகடு. நான் கேட்பது அவ்வளவுதான். மண்ணிலிருந்து வெட்டியெடுத்து, கத்தி முனையால் பிளந்து, பசையோ பிசினோ படாமல் வந்த தகடு. அதைச் சென்னையில் காசு கொடுத்து வாங்க முடியவில்லை. சென்ட்ரலில் ரயிலேறினால் சுமார் 140 கிலோமீட்டரில் கூடூர் வந்துவிடும். அந்த ஊரைச் சுற்றியுள்ள நெல்லூர்ச் சீமையில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே பச்சைச் சாயலுள்ள அப்பிரகத்தைத் தோண்டிக் கப்பலேற்றியிருக்கிறார்கள். 1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திரம் பிரியும்வரை அந்தப் பகுதி முழுக்கச் சென்னையின் ஆளுகையில்தான் இருந்தது. இவ்வளவு பக்கத்தில் கிடைக்கும் பொருளுக்காக நான் கடை கடையாக ஏறி இறங்குகிறேன். ஒவ்வொரு கடையிலும் வேறு எதையோ எடுத்து நீட்டுகிறார்கள்.

நான் வெள்ளியில் எனாமல் நகை செய்கிறவள். எனாமல் என்றால் நம் ஊரில் பலருக்கும் நினைவுக்கு வருவது தோட்டிலும் வளையலிலும் பச்சை, சிவப்பாகப் பூசி வரும் சாயம்தான். அதில் பெரும்பாலானது பிசின் கலந்த வண்ணம். சூடு காட்டாமலே காயும், சில வருடத்தில் உரியும். நான் சொல்வது கண்ணாடியை. கண்ணாடியை மாவாக அரைத்து, தண்ணீரில் அலசி, வெள்ளியின் மேல் வைத்து, காயவிட்டு, 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓரிரு நிமிடம் உருக்கினால் உலோகத்தோடு ஒன்றிவிடும். ஜெய்ப்பூர் மீனா வேலை இந்த வகை. அது நூற்றாண்டுகள் கழித்தும் நிறம் மங்காமல் இருக்கும்.

இந்த வேலையிலேயே மிகவும் கடினமானது, முதுகில் உலோகமே இல்லாமல் செய்யும் எனாமல். பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிளிக்-அ-ஜூர் என்பார்கள். வெள்ளிக் கம்பியை வளைத்துக் கூடாகப் பற்றவைத்து, ஒவ்வொரு கண்ணிலும் கண்ணாடி மாவை நிரப்பி உருக்க வேண்டும். முடிந்ததும் வெளிச்சத்தில் பிடித்தால் தேவாலயச் சன்னலில் நிறக்கண்ணாடி பதித்த மாதிரி ஒளி ஊடுருவும். பாரீஸ் நகைக்கலைஞர் ரெனே லாலிக் 1897-98 வாக்கில் செய்த தும்பிப் பெண் பதக்கத்தின் சிறகுகள் இப்படிச் செய்தவை. லிஸ்பனில் குல்பென்கியான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தில் பார்த்தாலே அந்தச் சிறகின் ஒளி தெரியும்.

முதுகு இல்லாத கண்ணில் மாவை நிரப்பினால் கீழே கொட்டாதா? கொட்டும். அதற்குத்தான் அப்பிரகம். கூட்டை அப்பிரகத் தகட்டின் மேல் வைத்து மாவை நிரப்பி உலையில் தள்ளினால் கண்ணாடி உருகி வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும், அப்பிரகத்தில் அவ்வளவாக ஒட்டாது. ஆறியபின் தகட்டை உரித்து எடுத்துவிடலாம். அடியில் ஒட்டிய மெல்லிய செதில்களைத் தண்ணீர் விட்டுக் கல்லால் தேய்த்துவிட்டு, இன்னொரு முறை சூடு காட்டினால் பளபளப்பு வந்துவிடும். மீனா வேலைக்காரர்களும் இதை அறிந்தவர்கள்தான். ஜெய்ப்பூரில் நகையை அப்பிரகத் தட்டில் வைத்துச் சின்ன மண் உலைக்குள் ஏற்றுவார்கள் என்று 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன.

அப்பிரகம் இல்லாமல் செய்ய வழியில்லையா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு தடை உண்டு. நாலைந்து மில்லிமீட்டர் அகலமுள்ள கண் என்றால் ஈர மாவு தானாகவே கம்பிக்கு நடுவில் நிற்கும். அதற்கு மேல் அகன்றால் நிற்காது. ஜப்பானியர்கள் செம்பின் மேல் எனாமல் செய்து, பிறகு செம்பை அமிலத்தில் கரைத்துவிடுவார்கள். வீட்டு மாடியில் பட்டறை வைத்திருக்கிற நான் நைட்ரிக் அமிலப் புகையோடு மல்லுக்கட்ட முடியாது. தவிர அந்த அமிலம் வெள்ளியையும் விடாது. உலைக்குள் விரிக்கும் பீங்கான் நாரிழைத் தாளில் வைத்தால் கண்ணாடியின் அடிப்பக்கம் சொரசொரப்பாகிவிடும். முழுக்கத் தேய்த்து எடுப்பதற்குள் சிறகு உடைந்துவிடும். வழவழப்பான அடிப்பக்கத்தைத் தருவது அப்பிரகம் மட்டும்தான். ஒரே திசையில், கண்ணுக்குத் தெரியாத கனத்துக்குக்கூடப் பிளந்துகொடுக்கும் கனிமம் அது. பிளந்த முகத்தை யாரும் மெருகேற்ற வேண்டியதில்லை.

சரி, வாங்கலாம் என்று கிளம்பினால் முதல் கடையிலேயே ஆரம்பிக்கிறது.

"மைக்கா ஷீட் இருக்கா அண்ணே?"

"எந்த டிசைன் மேடம்? தேக்கு ஃபினிஷா, மேட்டா? எட்டுக்கு நாலு ஷீட்தான். வெட்டித் தர மாட்டோம்."

அலமாரிக் கதவில் ஒட்டுகிற பலகைத் தாளுக்கு மைக்கா என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதில் அப்பிரகம் துளியும் இல்லை, தாளும் பிசினும்தான். செம்புதாஸ் தெருவிலும் இதே பதில், எங்கள் பேட்டைக் கடையிலும் இதே பதில். அப்பிரகம் என்று சொன்னால் முகத்தைப் பார்க்கிறார்கள். கல் மைக்கா, சுரங்கத்திலிருந்து வருவது, கண்ணாடி மாதிரி இருக்கும், ஏடு ஏடாக உரியும் என்று விளக்கினால், "அதெல்லாம் இப்ப வர்றதில்ல மேடம்" என்கிறார்கள். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வராமல் போனதைப் பற்றி ஒருவருக்கும் வருத்தமில்லை. எப்போது நின்றது, ஏன் நின்றது, வேறு யாரிடம் கேட்கலாம் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல ஆளில்லை.

ரிச்சி தெருவில் உண்மையான அப்பிரகமே கிடைத்தது. பழைய டிரான்சிஸ்டருக்கும் அதன் வெப்பம் தணிக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் வைக்கிற சில்லு. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, மிக மெல்லியது, நடுவில் திருகாணிக்கு ஓட்டை வேறு. என் கண்ணாடி அந்த ஓட்டை வழியாகவே இறங்கிவிடும். இப்போது அந்தச் சில்லையும் சிலிக்கோன் பட்டைகள் பிடித்துக்கொண்டன. கடைக்காரர் பழைய சரக்கைப் பெட்டியோடு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

மோட்டார் காயில் கட்டும் கடைக்காரர் ஒருவர் அடித்துச் சொன்னார்: "இது ஒரிஜினல் மைக்காங்க. ஹீட்டருக்கு எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க." பழுப்பும் வெள்ளியும் கலந்த வழுவழுப்பான அட்டை. பெயரில் பிசகில்லை, அப்பிரகம் அதில் இருக்கிறது. அப்பிரகத்தைச் செதிலாகவும் கூழாகவும் ஆக்கி, அரக்கோ சிலிக்கோன் பிசினோ சேர்த்து அழுத்திச் செய்த தகடு அது. ரொட்டி சுடும் பெட்டியிலும், முடி உலர்த்தும் கருவியிலும், மைக்ரோவேவ் அடுப்பின் பக்கவாட்டிலும் இருப்பது இதுதான். கம்பிச் சுருளைத் தாங்குவதற்கு நல்ல பொருள், அதில் குறையில்லை. எனாமல் உலையில் வைத்தால் முதலில் புகை கக்கும். பிசின் எரிந்ததும் செதில்கள் பிடிப்பை இழக்கும். அந்த நேரத்தில் மேலே கண்ணாடி உருகிக்கொண்டிருக்கும், உதிர்ந்த செதில்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் கம்பி வளைத்துப் பற்றவைத்த கூட்டில், தெளிந்த நீலமாக வந்திருக்க வேண்டிய கண் ஒவ்வொன்றிலும் சாம்பல் நிறத் திட்டு. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. விற்கிறவர் பிசின் சேர்ந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கூடு பிழைத்திருக்கும். அவருக்கே தெரியாது, ஏனென்றால் அவருக்கு விற்றவரும் சொல்லவில்லை. அட்டைப் பெட்டியின் மேல் மைக்கா என்ற மூன்று எழுத்தைத் தவிர வேறெதுவும் அச்சிடவில்லை.

இணையக் கடைகள் இன்னும் மோசம். மைக்கா என்று தேடினால் சோப்பிலும் பிசின் வேலையிலும் கலக்கும் மினுமினுப்புப் பொடி பக்கம் பக்கமாக வருகிறது. இயற்கைத் தகடு என்று தலைப்புப் போட்டு, படத்தில் பளிங்காகக் காட்டி, பொட்டலத்தில் அதே பிசின் அட்டையை அனுப்புகிறார்கள். எனாமலுக்கென்றே தகடு விற்கும் கடைகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கின்றன. மூன்று அங்குலச் சதுரத்தை உறையில் போட்டு விற்கிறார்கள். அஞ்சல் செலவும் சுங்கமும் சேர்ந்தால் தகட்டைவிட அது வந்த வழிக்கான காசு அதிகம். அந்தத் தகடு இந்திய மண்ணில் தோண்டியதாகவே இருக்கலாம். கடல் தாண்டிப் போய்ச் சதுரமாக நறுக்கப்பட்டு, மறுபடி கடல் தாண்டி என் வீட்டுக்கு வர வேண்டுமா?

இந்த அலைச்சலில் என்னிடம் மனிதராகப் பேசியவர்கள் இரண்டு பேர். ஒருவர் நாட்டு மருந்துக் கடைப் பெரியவர். அப்பிரகம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர்தான் முழித்துப் பார்க்கவில்லை. "செந்தூரமாம்மா, பற்பமா?" என்று கேட்டார். தகடு வேண்டும் என்றதும் உள்ளே போய் ஒரு பழைய டப்பாவைக் கொண்டுவந்து கொட்டினார். கரு அப்பிரகம். கட்டி கட்டியாக, மண்ணும் தூசியும் கலந்து, ஓரம் நொறுங்கி. "புடம் போடத்தாம்மா கேட்பாங்க. தகடாக் கேட்டு இப்பத்தான் பாக்கறேன்" என்றார். சித்த மருத்துவத்துக்கு வேண்டியது இந்தக் கரு அப்பிரகம். இரும்புச் சத்து கூடியது. எனாமலுக்கு ஆகாது. ஆனாலும் அவர் ஒரு துண்டை எடுத்து நகத்தால் ஏடு பிரித்துக் காட்டினார். காக்காப்பொன் என்று சின்ன வயதில் பொறுக்கி விளையாடியதைச் சொன்னார். பொருளைக் கையில் தொட்டுப் பேசுகிற வியாபாரி.

மற்றவர் புரசைவாக்கத்தில் இஸ்திரிப் பெட்டி பழுது பார்ப்பவர். "அந்தக் காலத்துப் பெட்டியில ரெண்டு மைக்காவுக்கு நடுவுல எலிமெண்ட் இருக்கும்மா. இப்ப வர்ற பெட்டியில ராடை உள்ளேயே வச்சு வார்த்துடறான். திறந்து பாக்கவே முடியாது. பழசு ஏதாவது வந்தா எடுத்து வைக்கிறேன்" என்றார். எடுத்தும் வைத்திருந்தார். கம்பி சுற்றிச் சுற்றி விளிம்பெல்லாம் வெட்டுப்பட்ட தகடு. பல வருடம் சூடுபட்டு நடுவில் வெளுத்திருந்தது.

அந்த வெளுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் பெரும்பாலும் கிடைப்பது முஸ்கோவைட் வகை அப்பிரகம். அதன் கட்டமைப்பிலேயே நீரின் கூறு இருக்கிறது. 600 டிகிரியைத் தாண்டி நேரம் போகப்போக அது வெளியேறி, தகடு அப்பளம் போல உப்பி வெள்ளி நிறமாகி நொறுங்கும். எனாமல் உலையில் ஓரிரு நிமிடம்தான் என்பதால் தாக்குப்பிடிக்கிறது. ஒவ்வொரு சூட்டுக்கும் புதுத் தகடு போடுவதுதான் நல்லது. தேன் நிறமுள்ள ப்ளோகோபைட் இன்னும் அதிகச் சூடு தாங்கும். அது பெரும்பாலும் மடகாஸ்கரிலிருந்து வருவது. நான் அதற்கு ஆசைப்படவில்லை. நம் முஸ்கோவைட்டே போதும். ஒரு சூட்டுக்கு ஒரு தகடு தீர்ந்துபோகும் என்பதால்தான் ஒன்றிரண்டு கிடைத்தால் எனக்குப் போதவில்லை.

நான் கேட்பது அரிய சரக்கா என்றால், அதுவுமில்லை. இந்திய அப்பிரக வியாபாரத்தில் அளவுக்கு ஒரு எண் வரிசை உண்டு. எண் சிறுத்தால் தகடு பெரிது. முதல் எண் என்றால் குறை நீக்கி 24 முதல் 36 சதுர அங்குலம் தேறும். இரண்டாம் எண் 15 முதல் 24, மூன்றாம் எண் 10 முதல் 15, நான்காம் எண் 6 முதல் 10, ஐந்தாம் எண் 3 முதல் 6. ஆறாம் எண் ஒன்றிலிருந்து இரண்டேகால் சதுர அங்குலம்தான். முதல் எண்ணுக்கும் மேலே ஸ்பெஷல் என்று தொடங்கிப் பல படிகள். தெளிவுக்கு இன்னொரு வரிசை. பளிங்குத் தெளிவிலிருந்து, லேசாகக் கறைபட்டது, நடுத்தரக் கறை, கறுப்புப் புள்ளி விழுந்தது வரை. இந்தத் தரம் பிரித்தலை உலகமே ஏற்று வாங்கியது. அன்று பீகாரில் இருந்த கோடர்மாவிலும் கிரிடீயிலும் அரிவாளால் ஓரம் சீவி, கண்ணாலும் விரலாலும் பார்த்தே தரம் சொன்னார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்துக்கு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெண்கள் கத்தியால் பிளந்தார்கள். பிளக்கிற இயந்திரம் வைத்து அந்தக் கைகளை யாராலும் வெல்ல முடியவில்லை. எனக்கு வேண்டியது ஐந்தாம் எண். பெரிய பதக்கம் என்றால் நான்காம் எண். கறை கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. அந்த வரிசையில் கடைசிக்குப் பக்கத்தில், மலிவாக, அதிகமாகத் தேறும் சரக்கு. இன்று சென்னைக் கடைகளில் இந்த எண்களைச் சொன்னால் புரிந்துகொள்கிற ஒருவரையும் நான் சந்திக்கவில்லை.

ஒரு காலத்தில் உலகத்துக்கு வேண்டிய தகடு அப்பிரகத்தில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்துதான் போனது. வானொலி வால்வுக்குள் கம்பிகளை நிறுத்தி வைத்த சில்லு, மின்தேக்கி, விமானத்தின் தீப்பொறிச் செருகி, அடுப்பின் சன்னல் எல்லாவற்றுக்கும் இது வேண்டும். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து இந்திய அப்பிரகம் வாங்குவதற்கென்றே 1942இல் ஒரு தூதுக்குழுவை வைத்தன. கோடர்மாவுக்குப் பக்கத்தில் ஜும்ரி தலையா என்ற ஊர் அப்பிரகக் காசில் வளர்ந்தது. ரேடியோ சிலோனுக்கும் விவித பாரதிக்கும் நேயர் விருப்பம் எழுதி எழுதியே இந்தியா முழுக்கப் பெயர் வாங்கிய ஊர் அது. பாட்டைக் கேட்ட அந்த வால்வு ரேடியோவுக்குள்ளும் அப்பிரகம்தான் இருந்தது.

பிறகு வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது. பிசின் அட்டை தகட்டின் வேலையைப் பிடித்துக்கொண்டது. 1980இன் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் காட்டுக்குள் இருந்த சுரங்கங்கள் பல மூடப்பட்டன. பெரிய வாடிக்கையாளரான சோவியத் ஒன்றியம் 1991இல் இல்லாமல் போனது. சந்தை சுருங்கியது எனக்குப் புரிகிறது. சுரங்கம் குறைந்ததும் புரிகிறது. காட்டை வெட்டி எனக்குத் தகடு தா என்று நான் கேட்கவில்லை. ஆனால் தோண்டுவது நின்றுவிட்டதா? நிற்கவில்லை. வடிவம்தான் மாறியது. மூடிய சுரங்கங்களின் கழிவு மேடுகளிலும், யாரும் உரிமம் தராத குழிகளிலும் உடைந்த அப்பிரகத்தைப் பொறுக்குகிறார்கள். கோடர்மாப் பக்கம் அதை டிப்ரா என்பார்கள். அது பொடியாகி, முகப்பூச்சிலும் காரின் வண்ணத்திலும் மினுமினுக்கிறது. பொறுக்குகிறவர்களில் குழந்தைகள் உண்டு. 2016இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் அங்கே போய், குழிகள் சரிந்து குழந்தைகள் செத்ததையும் அந்தச் சாவுகள் மறைக்கப்பட்டதையும் வெளியே கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு அழகுசாதன, வண்ணத் தொழில் நிறுவனங்கள் சேர்ந்து 2017இல் பொறுப்பான மைக்கா முன்முயற்சி என்று ஓர் அமைப்பை உருவாக்கின. சிலர் ஆய்வகத்தில் செய்த அப்பிரகத்துக்கு மாறிவிட்டார்கள். அதுவும் நம் கடைகளுக்குப் பொடியாகத்தான் வருகிறது.

எனக்கு ஆற்றாமை அதிகமாவது இந்த இடத்தில்தான். நான் கடைக்காரரிடம் கேட்கும் இரண்டாவது கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இது எங்கேயிருந்து வருது?" பதில், "நார்த்துல இருந்து மேடம்." நார்த்தில் எங்கே? தெரியாது. யார் எடுத்தது? தெரியாது. பில் இருக்கா? "உங்களுக்குச் சரக்கு வேணுமா, கதை வேணுமா?" எனக்கு இரண்டும் வேண்டும். நான் செய்யும் தோட்டை ஒரு பெண் தன் மகளுக்குப் போட்டு அழகு பார்க்கப் போகிறாள். அதன் அடியில் இருந்த தகட்டை அதே வயதுப் பிள்ளை குழிக்குள் இறங்கி எடுத்திருந்தால் அந்த வேலையை நான் செய்ய மாட்டேன். தகடு கடைசியில் உரிந்து குப்பைக்குப் போய்விடும், நகையில் தங்காது, யாருக்குத் தெரியப்போகிறது என்று சக கைவினைக்காரர் ஒருவர் சொன்னார். எனக்குத் தெரியும் அல்லவா?

தகடாக எடுத்தால் பிளக்கிறவருக்கும் கூலி உண்டு, பொடியாக்கினால் எடைக்கு எடை சில்லறைதான். கைத்திறனுக்கு விலை இருந்த சரக்கைத் திறனே வேண்டாத சரக்காக ஆக்கிவிட்டோம். பிளக்கத் தெரிந்த தலைமுறை வயதாகிப் போய்க்கொண்டிருக்கிறது. எனாமல் செய்கிறவர்கள், பழைய விளக்குகளைப் புதுப்பிக்கிறவர்கள், கண்ணாடி வேலைக்காரர்கள், அருங்காட்சியகத்தில் பழுது பார்க்கிறவர்கள் என்று தகட்டுக்குச் சின்னச் சின்னத் தேவை நாடு முழுக்க இருக்கிறது. ஒவ்வொருவரும் தனித்தனியாக அலைகிறோம். சுரங்கக்காரர்கள் பக்கத்தில் தகடு கழிவோடு சேர்ந்து அரைபடுகிறது.

திருச்சியை நினைத்தால் இன்னும் பொறுக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஓவியர்கள் அப்பிரகத் தகட்டில் படம் எழுதி ஆங்கிலேயர்களுக்கு விற்றார்கள். தெய்வங்கள், திருவிழா, தொழில் செய்கிற ஆண் பெண் என்று கட்டுக் கட்டாக. கண்ணாடி மாதிரித் தெரியும், எடை கிடையாது, கப்பலில் உடையாது. அவற்றில் பல இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ரயில் வந்தும் வராமலும் இருந்த காலத்தில் திருச்சியில் உட்கார்ந்திருந்த ஓவியருக்கு நல்ல தகடு கைக்கு வந்திருக்கிறது. ஒரு படத்துக்கு ஒரு தகடு என்று அளவாக வாங்க முடிந்திருக்கிறது. இன்றைக்குக் கைப்பேசியில் தட்டினால் பத்து நிமிடத்தில் பால் வருகிற ஊரில் எனக்கு வரவில்லை.

கூடூர்ப் பக்கத்து ஏற்றுமதியாளர்களிடமும் பேசிப் பார்த்துவிட்டேன். தமிழும் தெலுங்கும் கலந்து மரியாதையாகத்தான் பேசுவார்கள். "பொடியா, செதிலா? எத்தனை டன்னும்மா?" என்று ஆரம்பிப்பார்கள். டன் இல்லை, தகடு, நூறு இருநூறு போதும் என்றால் பேச்சின் சுருதி இறங்கிவிடும். "அதுக்கெல்லாம் பில் போட்டு அனுப்ப முடியாதும்மா." ஒருவர் மட்டும் இரக்கப்பட்டு ஐந்து கிலோ எடுத்தால் பார்க்கலாம் என்றார். ஐந்து சென்டிமீட்டர் சதுரம், 0.2 மில்லிமீட்டர் கனம் என்று வைத்தால் ஒரு தகடு ஒன்றரை கிராம்கூட வராது. ஐந்து கிலோ என்றால் மூவாயிரம் தகட்டுக்கு மேல். நானும் என்னிடம் கற்றுக்கொள்கிற பெண்களும் உலையை அணைக்காமல் வேலை செய்தாலும் அது பல வருடத்துக்கு வரும். சரி, அதற்கும் தயார், இன்னும் நாலு பட்டறைக்காரர்களைச் சேர்த்துப் பங்கு பிரித்துக்கொள்கிறோம், ஒரே ஒரு மாதிரித் தகடு மட்டும் முதலில் அனுப்புங்கள், பிசின் சேராததுதானா என்று சூடு காட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். மாதிரி அனுப்பும் வழக்கமில்லை என்றார்.

வெங்காரத்தை நூறு கிராம் பொட்டலமாக விற்கத் தெரிந்த சௌகார்பேட்டை இது. பற்றவைக்கும் பொடியைக் கிராம் கணக்கில் நிறுத்துத் தருகிறார்கள். மூசை ஒன்று கேட்டால் ஒன்று தருகிறார்கள், என்ன அளவு, எதை உருக்க என்று திருப்பிக் கேட்டுத் தருகிறார்கள். கைவேலைக்காரர் சில்லறையாகத்தான் வாங்குவார் என்பது அந்தச் சந்துகளுக்குத் தலைமுறையாகத் தெரியும். அந்த அலமாரியில் அப்பிரகத்துக்கு ஒரு தட்டு ஒதுக்கினால் போதும். ஐந்தாம் எண் ஒரு கட்டு, நான்காம் எண் ஒரு கட்டு. உறையின் மேல் ஐந்து விவரம்: இயற்கைத் தகடா பிசின் சேர்ந்ததா, முஸ்கோவைட்டா ப்ளோகோபைட்டா, எத்தனை மில்லிமீட்டர் கனம், எந்த ஊர்ச் சுரங்கம், உரிமம் பெற்றதுதானா. பிளந்தவருக்கு நியாயமான கூலி சேர்த்து விலை போடட்டும். அந்த விலையில் பேரம் பேச மாட்டேன். தகடு ஒன்றுக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள், நூறு தகட்டுக்கு முன்பணமாகவே கட்டிவிடுகிறேன்.